மஞ்சள் ரெயின்கோட்

“பாப்பாவுக்கு ஆறு வயசு சார். முந்தின நாள்தான் அவங்க அம்மா புது ரெயின்கோட் வாங்கிக் கொடுத்திருக்காங்க. மஞ்சள் கலர். அதை முதல் தடவையா போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினா...”

இந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். படிக்கக் கொடுத்த தாளில் மேலாளர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். அவளுக்கு அந்தக் கோடு தேவைப்பட்டதே இல்லை. அந்த இடத்தில் தானாகவே நின்றுவிடுவாள்.

எதிர்முனையில் இருந்தவர் பட்டென்று வைத்துவிட்டார்.

குரல் மெல்லிசு என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எதிர்க்கும் அந்தச் சங்கத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் பன்னிரண்டு பேரில் அவள்தான் புதியவள். யாராவது நன்கொடைக்குச் சம்மதித்தால் சுவரில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

“இப்படி மனசைக் கரைச்சு ஊத்தாதே பூனை” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். முன்பு தண்ணீர் ஃபில்டர் விற்றவர். “நான் ஃபில்டர் வித்தப்போ, குழாயைத் திறந்தா புழுதான் வருதுன்னு வீடு வீடா சொல்வேன். வீட்டுக்கு வந்து அதே தண்ணியைத்தான் மடக் மடக்குனு குடிப்பேன்.”

“இது ஃபில்டர் இல்ல சார். நிஜமா நடந்தது.”

“யார் சொன்னா?”

பதிலுக்கு அவள் மேசைமேல் இருந்த புகைப்படத்தை அவர் பக்கம் திருப்பினாள். சங்கத்தில் கொடுத்த படம். மஞ்சள் ரெயின்கோட் போட்ட சிறுமி, முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது தோளில் கறுப்பு நூலால் நெருக்கி நெருக்கிப் போட்ட கைத்தையல். அதைப் பார்க்கும்போதெல்லாம் பூனைக்கு அந்த அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

“இந்த முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார், பொய்யின்னு.”

அவர் பார்த்தார். அடுத்த எண்ணை அழுத்தினார்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு பால் வாங்கப் போனவன்மேல் ஒரு குடிகாரனின் வேன் ஏறியது. அதை அவளால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை. பாப்பாவின் கதையைச் சொல்லும்போது அவன் கதையையும் சொல்லிவிட்டது போலிருக்கும். அதற்காகவே கைக்கு வந்த லேப் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். அவளை அக்கா என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை.

புதிய பட்டியல் வந்தது. ‘முன்பு நம் கூட்டங்களுக்கு வந்தவர்கள்’ என்று தலைப்பு. முதல் எண்ணை அழுத்தினாள்.

“கை ஈரமா இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சொல்லுங்க” என்றாள் ஒரு பெண். பாத்திரம் கழுவும் சத்தம். பக்கத்தில் ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பூனை தொடங்கினாள். ரெயின்கோட் வந்ததும் குழாய்ச் சத்தம் நின்றது.

“இது எப்ப நடந்தது?”

“மூணு வருஷம் ஆச்சும்மா. ஸ்கூல் வாசல்லயே. கார் ஓட்டினவன் காலையிலேயே குடிச்சிருக்கான்.”

“வெள்ளைக் கார்.”

“ஆமாம்மா, பேப்பர்ல படிச்சிருப்பீங்க.”

“குழந்தைக்கு என்ன ஆச்சு?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே... போயிட்டாம்மா.”

வாய்ப்பாடு நின்றது.

“நீ பார்த்தியா?” என்றாள் அந்தப் பெண்.

எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், ஏமாற்றுக்காரி என்றுகூட. எல்லாவற்றையும் பூனை விழுங்கியிருக்கிறாள். இது மட்டும் இறங்கவில்லை.

“நான் பொய் சொல்லலம்மா. செத்துப்போன என் தம்பிமேல சத்தியம். பாப்பா படம் இதோ என் கண்ணு முன்னாடி இருக்கு.”

“வலது தோள்ல தையல் இருக்கா? கறுப்பு நூல்ல?”

பூனை படத்தை அருகே இழுத்தாள். “உங்களுக்கு... எப்படிம்மா தெரியும்?”

“நான்தான் தைச்சேன். மஞ்சள் நூல் கிடைக்கல.”

பெற்றவளிடமே கேட்டிருக்கிறாள்! அவள் பிள்ளையின் சாவை அவளிடமே சொல்லி, அவளிடமே கையேந்தியிருக்கிறாள்.

“அம்மா, மன்னிச்சிடுங்கம்மா. உங்க நம்பர்னு சத்தியமா தெரியாது. என் தம்பியும் இப்படித்தான்... உங்க வேதனை எனக்குத் தெரியும்மா.”

“உங்க சங்கத்துக்காரங்கதான் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. நாலு பேருக்கு நல்லதுன்னு நம்பிப் போனேன். அங்கதான் இந்தப் படத்தை எடுத்தாங்க.” அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. “புது ரெயின்கோட்டை யாராவது தைப்பாங்களா? கார் இடிச்சதுல கிழிஞ்சதும்மா அது.”

பூனை படத்தைப் பார்த்தாள். அந்தத் தையலைப் பார்த்தாள்.

அறையில் யாரோ மணியை அடித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஃபோனில் ஒரு சின்னக் குரல் மெதுவாகக் கேட்டது.

“அக்கா, நான் எப்பக்கா செத்துப்போனேன்?”