திரைக்கு இரண்டு பக்கமும்

பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். பிள்ளைகளைச் சொன்னபடி செய்யவைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதையும் காதில் போட்டுக்கொள்ளாத பிள்ளைகூட மூன்றே மாதத்தில் வழிக்கு வந்துவிடும்.

இன்று ஐந்து வயதுக்காரி ஒருத்திக்குக் கடைசிச் சோதனை. தேறினால் பள்ளியில் சேரலாம். மேசை நடுவே அட்டைத் திரையை நிறுத்தினேன். அவள் பக்கம் ஒரு பொம்மை வீடு, என் பக்கம் அதே மாதிரி இன்னொன்று. நான் சொல்வதை இருவரும் செய்வோம். திரையை எடுக்கும்போது இரண்டு வீடும் ஒன்றுபோல் இருந்தால் அவள் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன்.

"பூனைய கட்டிலுக்கு அடியில வை."

வைத்தோம்.

"பந்த மாடியில வை."

வைத்தோம்.

"நாற்காலிய ஜன்னல் பக்கத்துல போடு."

போட்டோம். அவ்வளவுதான், மூன்றே கட்டளைகள்.

இடது கையால் திரையை எடுத்தேன். மூன்றும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் அவள் வீட்டின் வாசல் கதவு திறந்திருந்தது.

"கதவ யாரு கண்ணு தொறக்கச் சொன்னாங்க?"

"வெளியில நின்னவங்க."

பிறகு என் வீட்டை எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

"நீங்களும் சரியா செஞ்சுட்டீங்க, வெரி குட்!"

என் வலது கையில் நட்சத்திரத்தை ஒட்டினாள். அந்தக் கை, என் பொம்மை வீட்டின் திறந்த குட்டிக் கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.