திரையில் வந்த ஆரஞ்சு

"சவுண்டை இன்னும் கூட்டுங்கோ," என்றாள் வைதேஹி.

வேதாந்தம் கூட்டினார். சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த புது வீடியோ கேம் டி.வி.யில் அலறியது. அப்படியும் கதவைத் தட்டும் சத்தம் அமுங்கவில்லை. டெல்லியில் சர்தார்ஜிகளைத் தேடிக் கும்பல்கள் அலைந்த எண்பத்துநாலு நவம்பர் அது.

"வேதாந்தம்ஜி! குழந்தைகளையாவது உள்ளே விடுங்கள்!" எதிர்வீட்டு சர்தார்ஜி இந்தியில் மன்றாடினார்.

"திறந்தா நம்மளையும் விடமாட்டா," என்று கிசுகிசுத்தாள் வைதேஹி.

வேதாந்தம் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

"அப்பா, தேக்கோ, பாருங்கோ! கலர்ல வர்றது!" என்று குதித்தாள் மகள் வத்சலா.

திரையில் விமானம் வெடித்த இடத்தில் ஆரஞ்சு நெருப்பு நெளிந்தது.

"புது மாடலோன்னோ! கிராஃபிக்ஸ் பிரமாதம்னு மாமா சொன்னானே," என்றார் வேதாந்தம் பெருமையாக.

வைதேஹி போய் டி.வி.யை அணைத்தாள். விமானங்கள் மறைந்தன. சத்தம் அடங்கியது. கறுத்த திரையில் ஆரஞ்சு மட்டும் அப்படியே நெளிந்துகொண்டிருந்தது.

தங்களுடையது கறுப்பு-வெள்ளை டி.வி. என்பது வேதாந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பவில்லை.