காத்திருப்பு அறையில் ஏழு மாதம்

தையல் கூடத்தில் தேநீர் இடைவேளை. மிஷின்கள் ஓய்ந்துவிட்டன, மின்விசிறி மட்டும் நூல் துணுக்குகளைத் தரையில் உருட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிங் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, ஓவர்லாக் தைப்பவள் கைப்பேசியில் வந்த செய்தியை உரக்கப் படிக்கிறாள். வேலை போனதை வீட்டில் சொல்லாத ஒருவர், ஏழு மாதமாகத் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் மாலைவரை உட்கார்ந்திருந்தாராம். நேற்றுதான் காவலர் விசாரித்துக் கண்டுபிடித்தாராம். "ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துப்பானாக்கா?" என்கிறாள் பட்டன் தைப்பவள். "ஓவர்டைம்கூடப் பாத்திருப்பான்டி." கூடமே சிரிக்கிறது. "அது சரி, பொண்டாட்டி எந்த லோகத்துல இருந்தா? ஏழு மாசமாவா ஒருத்திக்குத் தெரியாது?" கைப்பேசி கைமாறிக் கைமாறிக் காஜா போடுபவளிடம் வருகிறது. செய்தியில் பெயர் இல்லை, படத்தில் முகம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு மட்டும். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறாள். வெள்ளைச் சட்டையின் நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்த தையல் தெரிகிறது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் பழுப்பு நூலில், போன வாரம் அவளே தைத்தது. ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை என்று நேற்று இரவு சொன்னவருக்கு, அவள் கால் பிடித்துவிட்டிருந்தாள். "என்னடி உத்து உத்துப் பாக்குற, தெரிஞ்ச ஆளா?" "யாரோக்கா" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கிறாள். "பொண்டாட்டிதான் சரியான மக்கா இருப்பா" என்று அவளே சொல்கிறாள். இதுவரை சொன்னதிலேயே இதற்குத்தான் கூடம் அதிகமாகச் சிரிக்கிறது.