எகிறிய நாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மதியத் தூக்கம் கலைந்து கண் திறந்தால், எதிரே மனைவி. அவர் மணிக்கட்டில் அவள் விரல்.

“கடைசியா என்ன சாப்பிட்டீங்க?”

அவருக்குத் திக்கென்றது. தெருவே பார்த்த விஷயம், இந்த வீட்டுக்கு மட்டும்தான் வராமல் இருந்தது. யாராவது வத்தி வைத்துவிட்டார்களோ?

“நீ போட்டதைத்தான்.”

“அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? மறைக்காம சொல்லுங்க.”

நாடி வேறு எகிறியது. விரலுக்குத் தெரியாமலா இருக்கும்?

“பூக்கடைக்காரியோட ஒரே ஒரு ஐஸ்கிரீம்தான்டி. வேற ஒண்ணுமில்ல.”

அவள் முகம் மாறியது. “ஆம்புலன்ஸ் பயிற்சியில சேர்ந்திருக்கேன்னு சொன்னேனே, காதுல வாங்கினீங்களா? நாளைக்குப் பரீட்சை. இதெல்லாம் நோயாளிகிட்ட கேக்கற கேள்வி.”

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். “சரி, மிச்சத்தையும் கேளு.”

“எங்க வலிக்குதுன்னு கேக்கணும்,” என்றாள், பிடித்த கையை விடாமல். “அதைக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கறேன்.”