பதினாறு போல்ட்டுகள்

ஒரு வருடமாக லைன் ஒரு முறைகூட ட்ரிப் ஆகி நிற்கவில்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்களே, ஒருவருக்காவது பயம் வந்திருக்க வேண்டாமா?

வருடாந்திர டெஸ்டுக்கு வந்திருந்த அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் மறுபடி அழுத்திப் பிடித்தாள். முள் அசையவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலைத் தரையோடு இணைக்கும் ரெசிஸ்டர் பெட்டி அது. உயரழுத்தக் கம்பி ஒன்று எங்காவது தரையைத் தொட்டுவிட்டால், பாய்கிற மின்சாரத்தை ஓர் அளவுக்குள் பிடித்து வைக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் ரிலே லைனைத் துண்டிக்கும்.

உள்ளே பட்டை அறுந்திருந்தது.

இப்போது ஒரு கம்பி தரையைத் தொட்டால் ரிலேவுக்குத் தெரியாது. ஏற்கெனவே தொட்டுக்கொண்டும் இருக்கலாம். இரண்டாவது கம்பியும் தொடும்போது எல்லாருக்கும் தெரியும். ஸ்விட்ச் அறையில் பேனல் வெடித்திருக்கும்.

ஆபரேட்டரின் ஸ்டூல் அந்தப் பேனலை ஒட்டித்தான் கிடக்கும். லைன் ஓடும்போது முதுகுக்கு இதமான சூடாம்.

"எங்க ரிலே லாங் லீவுல போயிருக்குக்கா" என்று காலையில்கூடச் சொல்லிச் சிரித்தான்.

அறுந்த முனையைத் தொட்டாள். துரு பொடிப்பொடியாக விரலில் உதிர்ந்தது. நேற்று இன்று பிடித்த துரு அல்ல.

மூடியைக் கழற்றும்போதே கவனித்திருந்தாள். பதினாறு போல்ட்டுகளிலும் பெயின்ட் கீறல் இல்லாமல் இருந்தது. பெட்டியை வைத்த நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். கையில் புது டெஸ்ட் ஷீட்டும், போன வருடத்து ஷீட்டும்.

"புதுப் பெட்டி வர மூணு வாரம் ஆகும்மா. ரெண்டு மணி ஷிஃப்டுக்கு நான் லைன் குடுத்தாகணும். போன தடவை என்ன இருக்கோ, அதப் பாத்து எழுதிடு. குடி ஒண்ணும் முழுகிப் போயிடாது."

போன தடவை, முப்பத்தொன்பது புள்ளி எட்டு ஓம். அதற்கு முந்தைய வருடமும் அதே எண். தேடிப் பார்க்க வேண்டியதில்லை.

போன வருடம் டெஸ்ட் நாளன்று மழை. ஸ்பேனர் வண்டியில் இருந்தது. பதினாறு போல்ட்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். அவர் புது ஷீட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பழையதை எடுத்தாள். எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினாள். கீழே போன வருடம் தான் போட்ட கையெழுத்துக்கு அருகில், இன்றைய தேதியோடு இன்னொரு முறை போட்டாள்.

புது ஷீட்டை அவரிடமே நீட்டினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.