கடைசிக் கப்பில் சர்க்கரை

பாவம் பார்த்ததுதான் தப்பாகிவிட்டது.

டீயை ஏலம் விடும் கம்பெனியில் சுப்பாத்தாளுக்கு அன்று மூன்றாம் நாள். பல்லடத்தில் தறி நின்று, புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, பிளஸ் டூ படிக்கும் மகளோடு கோயமுத்தூர் வந்து பிடித்த வேலை. இலையை நிறுத்துப் போட்டு, கொதித்த தண்ணீர் ஊற்றி, மூடிவைத்து, ஐந்து நிமிஷத்தில் வடித்து வரிசையாக வைக்க வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ருசி பார்க்கிற தீபக் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பி, எது எப்படி என்று சொல்வார். அதை வைத்துத்தான் டீக்கு விலை.

டீத்தூளைக் கொதிக்கவிட்டே பழகியவளுக்கு, சுருண்ட இலை வெந்நீரில் விரிவதே அதிசயம். ஆனால் ஒரு மனுஷனுக்கு வெறும் கசப்பைப் பன்னிரண்டு கப் நீட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை. வேண்டாதவர் வீட்டுக்கு வந்தால்கூட அவள் அப்படிக் கொடுத்ததில்லை. கடைசிக் கப்பிலாவது வாய் இனிக்கட்டுமே என்று ஆபீஸ் காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரையில் ஒரு ஸ்பூன் கலக்கிவிட்டாள்.

அப்போதுதான் குமாஸ்தா ஐயாசாமி நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“அம்மணி, சாக்கிரதைங்க. தீபக் தம்பிக்கு மூக்கும் நாக்கும் கத்தி. உங்களுக்கு முன்னாடி பாப்பாயின்னு ஒருத்தி இருந்துச்சு. பூ வெச்சுட்டு வந்து, அந்த வாசத்துல டீயே கெட்டுப்போச்சாமா. அடுத்த நாளே நிறுத்திப்போட்டாருங்க.”

சுப்பாத்தாள் பூ வைத்து மூன்று வருஷமாகிறது, அந்தப் பயமில்லை. ஆனால் சர்க்கரை! கப்பை எடுத்துவிடலாமென்று கை நீட்டுவதற்குள் தீபக் வந்துவிட்டார்.

முதல் கப். உறிஞ்சினார், துப்பினார், சொன்னார். ஐயாசாமி எழுதினார். ஏழு, எட்டு என்று நகர நகர அவள் கண் கடைசிக் கப்பிலேயே இருந்தது. இந்த வேலையும் போனால் மகளை எப்படிப் படிக்கவைப்பது?

பன்னிரண்டு. உறிஞ்சியவர் ஒரு நொடி நின்றார்.

“கசப்பு ரொம்பத் தூக்கல். மட்டம்னு எழுதிக்குங்க.”

தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஐயாசாமி எழுந்து போனதும் மனசு உறுத்தியது. யாரோ வெயிலிலும் மழையிலும் பறித்த இலை. தன்னால் அதற்கு மட்டமென்று பேர்.

“தம்பி... அந்தக் கடைசிக் கப்புல நான் சர்க்கரை போட்டுப்போட்டனுங்க. இன்னொருக்கா வடிச்சுத் தாரேன், பார்த்துச் சொல்லுங்க.”

தீபக்கின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. காய்ச்சல் வந்ததுல இருந்து நாக்குல ஒரு ருசியும் தெரியறதில்லைங்க. இலையைப் பார்த்துக் குத்துமதிப்பாச் சொல்லிட்டிருக்கேன். இந்த நாக்குதானுங்க எனக்குச் சோறு.”

இவரும் நம்மைப் போலப் பயந்த ஆள்தான் என்று அவளுக்குப் பாவமாகிவிட்டது.

“நான் ஏனுங்க தம்பி சொல்றேன்? என் மக மேல சத்தியமுங்க.”

மறுநாள் காலை ஐயாசாமி வாசலிலேயே வழிமறித்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உங்களை உள்ள விட வேண்டாம்னு தம்பி சொல்லிட்டாருங்க. நேத்து உங்க பூ வாசத்துல டீ கெட்டுப்போச்சாமா.”

சுப்பாத்தாள் தன் வெறுங்கொண்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“பாப்பாயி தலையிலயாவது பூ இருந்துச்சுங்களாண்ணா?”