மூன்றாவது லேயர்

“நடுவுல கீழ்வீட்டு மாமா வந்து கத்துவாரு. கண்டுக்காதீங்க சார்” என்று எச்சரித்துவிட்டுத்தான் அவன் பாட்டைப் போட்டான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டான்ஸ் கிளப் முதலாளி. அவர் தலையாட்டினால் இனி அந்த கிளப்பில் இவன் பாட்டுதான். ஆட்டாவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுக்க வேண்டும். கீழ்வீட்டு மாமா என்றால் வேறு யாருமில்லை, அக்காள் புருஷன்தான். மச்சினனின் இசையை “மிக்ஸிக்கு வந்த வயித்துவலி” என்று சொந்தபந்தம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் புண்ணியவான்.

“பேஸை, அதான் அந்த அடிநாதத்தை, மூணு லேயரா அடுக்கியிருக்கேன் சார். முதல்ல மேல் லேயர். பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி இருக்கும்.”

முதலாளி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

“அடுத்தது நடு லேயர். பாட்டுக்கு உடம்பே இதுதான்.”

“உடம்பு கொஞ்சம் நோஞ்சானா இருக்கே தம்பி?”

“இருங்க சார், அடி லேயர் இன்னும் வரலை.”

அந்த மூன்றாவது லேயரில்தான் அவன் உயிரை வைத்திருந்தான். ஆனால் அது லேசுப்பட்ட லேயர் இல்லை. பகலில் போட்டால் சவசவவென்று கிடக்கும். விளக்கு வைத்த பிறகு போட்டால் வீட்டையே தூக்கும். பகலில் வோல்டேஜ் குறைவு, அதனால்தான் என்று அவனே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தான். முதலாளியைச் சாயங்காலமாக வரச் சொன்னதும் அதற்காகத்தான்.

பட்டனைத் தட்டினான். தரை அதிர்ந்தது. அதிர்வு உள்ளங்காலில் புகுந்து முழங்கால் வழியாக அடிவயிற்றுக்கு ஏறியது. மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளர் கிணுகிணுவென்று நகர ஆரம்பித்தது.

முதலாளியின் கால் தானாகத் தாளம் போட்டது. பாட்டு முடிந்தும் அது நிற்கவில்லை.

“வாத்தியத்துக்குப் பக்கத்துலயே உக்காந்த மாதிரி இருக்குப்பா. கம்ப்யூட்டர்ல இப்படி வருமா?” என்றார்.

“கொஞ்சம் கைவேலை இருக்கு சார்” என்றான் அவன், அடக்கமாக இருப்பதுபோல.

“இன்னொரு தடவை போடு. எழுந்து நின்னு கேக்கறேன். இதே மாதிரி இருந்தா இப்பவே பேசி முடிச்சுடலாம்.”

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுபடி போட்டான்.

பல் நறநறத்தது. நோஞ்சான் உடம்பு வந்தது. திரையில் மூன்றாவது லேயர் பச்சையாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. தரை மட்டும் அசையவில்லை. அவன் சத்தத்தைக் கூட்டினான். நறநறப்புதான் கூடியது.

“எங்கப்பா போச்சு அது?”

“வோல்டேஜ் சார்.”

முதலாளி அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தார். அது ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அவர் கார் சாவியைக் கையில் எடுத்தார்.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, அந்த நேரம் பார்த்து கதவு தட்டப்பட்டது. மாமா. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மாமா, உங்க கால்ல விழறேன், இன்னிக்கு மட்டும் கத்தாதீங்க. எல்லாம் முடிஞ்சுது. திங்கக்கிழமை நானே கடைக்கு வந்துடறேன்.”

மாமா படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மறுபடி போடறதா இருந்தா ஒரு குரல் குடுக்க வேணாமா மாப்ளே? உங்கக்கா வர்ற நேரமாச்சேன்னு பேஸ் கிடாரை இப்பத்தானே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்தேன்.”